ஃப்ரிட்ஜ் மேல் விஸ்வா சாரின் ஸ்கேனர்

அம்ருதா,

நாற்றுப் பறிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், திருக்காட்டுப்பள்ளி வயலுக்குக் கிளம்புகிறேன். சாம்பார் அடுப்பில் இருக்கிறது, சுட வைத்துக்கொள்.

உன் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகியிருந்த உன் ஸ்கூல் விஸ்வா சாரின் ஸ்கேனரை, அதுதான் இஞ்சின் கோளாறைப் போனில் காட்டுமே அதை, கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். சாயங்காலம் அவர் வந்தால் கொடுத்துவிடு. காபி கொடு, டிபன் வேண்டாம். தினமும் ஸ்கூல் வாசலில் நின்று தன் போனில் பார்த்து, "இஞ்சின் சூடாகுது மேடம், பாத்துப் போங்க" என்பாராம். "அவருக்கு இருக்கிற அக்கறை உங்களுக்கு இல்லை" என்று நேற்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அதே மாதிரி ஸ்கேனர் நானே ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். வைஃபையா, புளூடூத்தா என்று கடைக்காரர் கேட்டார். வைஃபை என்றால் எல்லார் போனிலும் வேலை செய்யுமாம். புளூடூத்தே போதும் என்றேன்.

பி.கு.: அது உன் ஐபோனில் வேலை செய்யாது, என் போனில்தான் செய்யும். தெரிந்தேதான் வாங்கினேன்.

இன்னொன்று. இஞ்சின் விளக்கு எரிந்தால் எனக்குத்தான் போன் செய்ய வேண்டும், வந்து பார்க்கிறேன். திரையில் ஏதோ எழுத்தும் எண்ணுமாக வருகிறது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. விஸ்வா சாரிடம் நானே கேட்டுக்கொள்கிறேன். நீ கேட்க வேண்டாம்.