மேற்கோளுக்குள் புகுந்த தலையணை

ஜூன் 4
அக்கா மகள் தன் ஆங்கில ஆய்வேட்டை என் மேசைமேல் வைத்தாள். மேசை முனகியது; பூமியே ஓர் அங்குலம் நகர்ந்திருக்கலாம். தனிமையைப் பற்றி எழுதப்பட்ட கடிதங்களை ஆராய்ந்திருக்கிறாள். இது தேறினால்தான் கல்லூரியில் வேலை நிலைக்கும். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் சக்கரவர்த்தியாகிய என்னை விட்டு வேறு யாரிடம் போவாள்?

ஜூன் 5
மேற்கோள்கள் எல்லாம் கதவைத் தட்டாமல் வந்து கூடத்தில் சட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. யார், எவர் என்ற அறிமுகமே கிடையாது. கூப்பிட்டு விளக்கினேன்: ‘இன்னார் சொன்னார்’ என்று மட்டும் வந்தால் பின்னால் கமா, முழு வாக்கியமாக அறிமுகம் செய்தால் கோலன் என்னும் இரட்டைப் புள்ளி.

“நீங்களே போட்டுடுங்க மாமா” என்று ஓடிவிட்டாள்.

ஜூன் 9
ஒரு பக்கத்தில் ‘ஒருவர் எழுதியதுபோல’ என்பதற்குப் பின் வெற்றிடம். மேற்கோள் இன்னும் கிடைக்கவில்லையாம். அச்சகத்து வழக்கப்படி, வரி எப்படி நிற்கிறது என்று பார்க்க, கைக்கு வந்ததை ஆங்கிலத்தில் அடித்துவைத்தேன்: தனியாள் வீட்டில் இரண்டு தலையணை இருந்தால், ஒன்று எப்போதும் கோபித்துக்கொண்டிருக்கும்.

கமா கச்சிதம்.

ஜூன் 12
ஏடு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எட்டுத் திக்கும் என் புகழ்.

ஜூலை 20
அந்தத் தலையணையை எடுத்தேனா? — எடுக்கல. அவளும் பாக்கல. நாளை மறுநாள் தேர்வாளர் முன்னால போய் நிக்கப்போறா. வேலை போச்சுன்னா?

போனில் சொல்லிவிட்டேன்.

“மாமா, உங்களக் கொன்னா எனக்கு எத்தன வருஷம் போடுவாங்க?”

ஜூலை 22
தேர்வாளர் வாய் திறக்கும் முன்பே உண்மையைச் சொல்லிவிட்டாளாம். மனிதர் நன்றாகத் திட்டியிருக்கிறார். ஆனால் தேறிவிட்டாள். ஒரே திருத்தம்: அந்த வரியை எடுக்க வேண்டும், அல்லது சொன்னவரை முறையாக அறிமுகப்படுத்த வேண்டும்.

எடுத்துத் தொலை என்றேன். மாட்டாளாம்.

ஜூலை 23
திருத்திய பக்கத்தோடு வந்தாள். ‘தனியாக வாழும் என் தாய்மாமா ஒருமுறை இப்படி எழுதினார்’ — பின்னால் கோலன். குற்றமே இல்லை. ஆனாலும் ‘தனியாக வாழும்’ என்பதை அடித்தேன்.

பேனாவைப் பிடுங்கி மேலே எழுதினாள்: ‘ஞாயிறுதோறும் எங்களோடு சாப்பிடும்’.

“நான் எப்போடி ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல சாப்பிட்டேன்?”

“ஆய்வேட்டுல இன்னொரு பொய் இருக்கக் கூடாது மாமா. இந்த வாரத்துலேருந்து வந்துடுங்க.”

ஜூலை 26, ஞாயிறு
சட்டை தேய்த்தாயிற்று.