தார்ப்பாயில் பிடித்த மழை

ஐப்பசி, செவ்வாய், இரவு

ஏற்காட்டு ஓடைக்கரையில் ஒடித்துவந்து நட்ட காட்டுக் காசித்தும்பை இன்று முதல் பூ விட்டிருக்கிறது. விரல்நுனி அளவு, வெளிர் ரோஜா நிறம். திருச்செங்கோட்டு வெயிலில் இது பிழைக்கும் என்று நானே நம்பவில்லை.

போன மாதம் இலையோரமெல்லாம் கருகிப்போனது. என் வீட்டுக்காரர் தினமும் விடியற்காலையில் எழுந்து எங்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். பருப்புகூட வேகாத உப்புத் தண்ணீர் அது. "செடியக் கொன்னுட்டீங்களே!" என்று கத்திவிட்டேன்.

இருபது வருஷமாக ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் போர் போடுகிறவர். "எங்கையால போட்ட போரு அம்மிணி. அந்தத் தண்ணி ஆகாதுன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தும் நான் விடவில்லை.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. லாரித் தார்ப்பாயை வாசலில் இழுத்துக் கட்டி, ஒரு பக்கம் தாழ்த்தி, வழிந்த தண்ணீரை டிரம்மில் பிடித்தார்.

"நனையாம உள்ள வாங்க."

"டிரம்மு ரொம்பட்டும்."

அந்தத் தண்ணீரில்தான் செடி துளிர்த்தது.

நாளை வண்டி மத்தியப் பிரதேசம் கிளம்புகிறது. திரும்ப நாலு மாதம் ஆகும். அன்று கத்தியதற்கு ஒரு வார்த்தை, அவர் சாப்பிடும்போது வாய்வரை வந்தது; குழம்பை மட்டும் ஊற்றினேன்.

கொஞ்சம் முன்பு வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். சாமான்களையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டார். தார்ப்பாயை மட்டும் ஏற்றவில்லை. புதுக் கயிறு போட்டு, டிரம்முக்கு மேலே தாழ்த்திக் கட்டியிருக்கிறார். முடிச்சுகள் எல்லாம் என் கைக்கு எட்டும் உயரத்தில்.