செப்டம்பர் மூன்று

கென்டக்கி,
பெரிய வெள்ளி, சாயங்காலம்.

திரு. ஆர்வில் அவர்களுக்கு,

உன் மனைவி வெல்டா எழுதுவது. கோர்ட்டில் இன்னும் அந்தப் பெயரை எடுக்கவில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. டேட்டனில் வேலை நிலைத்துவிட்டது, வாடகை வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட இடம் இருக்கிறது, மண் உழுகிற டில்லர் மெஷினை உன் தம்பி ஹோபர்ட்டிடம் கொடுத்தனுப்பு என்று எழுதியிருந்தாய். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஹோபர்ட் நேற்று வண்டியோடு வந்து நின்றான். கிழங்கு ஊன்றுவதற்கு முந்தின நாளாகப் பார்த்து ஆளனுப்ப உனக்குத்தான் மனசு வரும். பெரிய வெள்ளியன்று உருளைக்கிழங்கு ஊன்றாத வீடு இந்தப் பக்கம் உண்டா? அந்தத் தோட்டம்தான் வருகிற குளிர்காலத்துக்கு என் சாப்பாடு என்று உனக்குத் தெரியாதா? அவன் என்னடாவென்றால், "அண்ணன் பாவம் அண்ணி. அக்டோபர்ல நீங்க வாய விட்டீங்க, ரோஷத்துல கிளம்பிட்டாரு. மெஷினையாவது குடுத்துடுங்க" என்கிறான். சர்ச்சிலும் இதே கதையைத்தான் சொல்லி வைத்திருக்கிறாய். ஆறு மாதமாகப் போதகர் மனைவி என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டுகிறாள். நானும் நம்பித் தொலைத்தேன். "போய்த் தொலை" என்று கத்திய வாயை நானே அறைந்துகொண்ட நாட்கள் உண்டு.

நீ ரோஷத்தில் கிளம்பியவன்தானே, பெட்ரோலை வடிக்காமல் விட்டிருப்பாய், அது குளிர்காலம் முழுக்க டில்லர் டாங்கிலேயே கிடந்து, கார்புரேட்டர் பிசின் பிடித்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். அதை ஹோபர்ட்டிடம் காட்டத்தான் மூடியைத் திறந்தேன். டாங்க் காய்ந்து கிடந்தது. எஞ்சின் ஆயில் புதுசு. பிளக்கைத் துடைத்து மாட்டியிருந்தாய். கத்திகளில் சுற்றிய கொடியைக்கூட அறுத்து எடுத்திருந்தாய். அப்புறம்தான் கைப்பிடியைப் பார்த்தேன். வருஷா வருஷம் கடைசி உழவு முடிந்து, குளிர்காலத்துக்கு மெஷினை மூடி வைக்கும்போது பெட்ரோலை வடித்த தேதியை டேப்பில் பென்சிலால் எழுதி ஒட்டுவாயே, அது வரிசையாக இருந்தது. நவம்பர் ஒன்பது. நவம்பர் பதினாலு. நவம்பர் பதினொன்று. கடைசியாக, செப்டம்பர் மூன்று.

செப்டம்பரில் என் பீன்ஸ் இன்னும் காய்த்துக்கொண்டிருந்தது, ஆர்வில். கடைசி உழவுக்கு இரண்டு மாதம் பாக்கி. அன்றைக்குக் கொட்டகையில் இவ்வளவு நேரம் என்ன வேலை என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, வெயிலுக்கு நிழல்ல உக்காந்திருந்தேன்" என்றாய். வந்து உட்கார்ந்து என் சோளரொட்டியைக் கேட்டு வாங்கித் தின்றாய். அப்புறம் ஏழு வாரம், நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேனா என்று காத்திருந்தாய். அடப்பாவி!

ஹோபர்ட் அந்தத் தேதியைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். "சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி" என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு போனான். டேப்பை உரித்து என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர், சர்ச்சுக்கு எல்லாரும் வருவார்கள். போதகர் மனைவிதான் முதலில் படிக்கப்போகிறாள்.

இன்று காலையில் மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்தேன், உழுகிற பதத்தில் உதிர்ந்தது. புது பெட்ரோல் ஊற்றினேன். "நீ தொட்டா கால் போயிடும்டி" என்று இத்தனை வருஷம் பயமுறுத்தினாயே, இரண்டாவது இழுப்பிலேயே கிளம்பிவிட்டது. முதல் சால் மேலாக, மறு சால் ஆழமாக. கல்லில் பட்டு எகிறியபோது தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பத்து சால் கிழங்கு ஊன்றிவிட்டேன். மெஷின் இந்தக் கொட்டகையை விட்டு நகராது. கோர்ட்டுக்கு வேண்டுமானால் போய்க்கொள்.

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அன்றைக்கு அதை அவ்வளவு பக்குவமாகத் துடைத்து வைத்தது, பின்னால் நீ எடுத்துப் போகவா, எனக்கு விட்டுப் போகவா? எனக்குத்தான் என்று எழுது. பொய் சொல்லத்தான் உனக்கு நன்றாக வருமே.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். இனி அது என் வேலை இல்லை.

வெல்டா