முதுகில்லாத ஸ்பீக்கரும் பகலில் தூங்கும் சித்தியும்

மே 3

ஊஃபர், அதாவது கனத்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர், வந்துவிட்டது. ஒரு ஜோடி. காருக்கென்று செய்தவை, தலா பன்னிரண்டு இன்ச். மேஜையில் வைத்ததும் காந்தம் அம்மாவின் கத்தரிக்கோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அம்மா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறாள். கத்தரிக்கோல் அவளுக்கு மூன்றாவது கை.

"அதைத் தொடாதன்னு எத்தனை தடவ சொல்றது?"

"நான் தொடலம்மா. அதுங்க ரெண்டும் ஒண்ணை ஒண்ணு விரும்புது."

செய்யப்போவது பெட்டி இல்லாத ஸ்பீக்கர். ஒரு பலகை, அதில் இரண்டு ஓட்டை, ஓட்டைக்கொரு ஊஃபர், அதற்கு மேலே சின்ன ஸ்பீக்கர். பின்பக்கம் திறந்தே இருக்கும். அப்பா சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன இது, முதுகெலும்பே இல்ல?"

"வீட்டு ஜாடைப்பா."

அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

மே 5

நிபந்தனை ஒன்றே ஒன்று. சித்தி தூக்கம் கெடக்கூடாது. சித்தி அம்மாவின் தங்கை. ஆஸ்பத்திரி லேபில் இரவு வேலை, பகலில் தூக்கம். எங்கள் ஹாலுக்கு அடுத்த அறைதான் அவளுடையது. இந்த வீட்டில் என் கட்சியில் இருக்கும் ஒரே ஆள். புது ஃபேன் வந்தபோது கைதட்டினால் ஓடும் என்று அப்பாவிடம் சொன்னது நான். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்து அழுத்தியது சித்தி. அப்பா ஒரு வாரம் தட்டினார். இப்படிப்பட்ட சித்திக்காக ஒரு நிபந்தனையை ஏற்காமல் இருப்பேனா?

மே 7

பாட்டுப் போட்டேன். குரல் இருக்கிறது, வயலின் இருக்கிறது. டிரம் அடிப்பவர் மட்டும் எதிர்வீட்டுப் பரணில் உட்கார்ந்து அட்டைப் பெட்டியைத் தட்டுகிறார். ஸ்பீக்கரில் அடி இல்லை. அம்மாவிடம் கேட்டால் கிடைக்கும்.

காரணம் புரிகிறது. ஊஃபர் முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் உறிஞ்சுகிறது. பெட்டி இருந்தால் பின்பக்கம் அடைபட்டிருக்கும். பலகைதானே! கனத்த ஒலி ஓரத்தைச் சுற்றி வந்து தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

மே 8

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பலகையைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன், இடுக்குகளில் துணி அடைத்தேன். டிரம்காரர் பரணிலிருந்து நேராக ஹாலுக்குக் குதித்தார். அப்பப்பா, என்ன அடி. நானும் குதித்தேன்.

அறைக் கதவு திறந்தது. சித்தி.

சுவரையே பெட்டியாக்கிவிட்டேன். எந்தச் சுவர் என்று பார்த்தேனா? அந்தப் பக்கம் சித்தியின் கட்டில். தலைமாடு.

"திட்டு சித்தி. எதாவது சொல்லு."

"பக்கத்துல வீடு கட்டுறாங்கன்னு நெனச்சேன்" என்றாள். சிரிக்கவில்லை. என்னாலும் சிரிக்க முடியவில்லை.

மே 9

ராத்திரி தூக்கக் கலக்கத்தில் சித்தி இரண்டு ரத்த மாதிரிக் குழாய்களில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். கூட வேலை செய்பவர் பார்த்துச் சொன்னதால் தப்பியது. "யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா ஆயிருக்கும்க்கா" என்று அம்மாவிடம் சொன்னாள். மேலதிகாரி கூப்பிட்டுப் பேசினாராம். இன்னொரு தடவை நடந்தால் பேச மாட்டாராம்.

பிறகு, டம்ளரைக் கழுவிக்கொண்டே, "ஹாஸ்டல்ல சொல்லி வெச்சிருக்கேன். நைட் டூட்டிக்காரங்களுக்குன்னு தனி மாடி இருக்கு. பெட் காலியானா கூப்பிடுவாங்க."

என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்துத் திட்டியிருக்கலாம்.

மே 10

எழுதி எழுதி அடித்தேன். கேலி ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

மே 12

கார் ஊஃபரைக் கடையில் திருப்பிக் கொடுத்து, ஏதோ பழைய வீட்டு ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த ஒரு ஜோடியை எடுத்து வந்தேன். கடைக்கார அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தங்கமான மேக்னெட்டைக் குடுத்துட்டு இந்தச் சவலைப் பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போறியே?"

"சத்தம் போடாத பிள்ளைங்கதாண்ணே வேணும்."

ஆனால் விஷயம் அதுவல்ல. தேடித் தேடிப் படித்தேன். பெரிய காந்தம் ஊஃபரில் ஆடுகிற காகிதக் கூம்பைக் கெட்டியாகப் பிடிக்கிறது. பெட்டிக்கு அதுதான் சரி. பெட்டி இல்லாத பலகைக்கு, பிடி தளர்ந்த ஊஃபர்தான் தாராளமாக ஆடி, ஓரத்தில் இழப்பதை ஈடுகட்டும். நான் காந்தத்தின் எடையைப் பார்த்து வாங்கிய மேதாவி.

கிராஸ்ஓவரையும் மாற்றினேன். ஒலியைப் பங்கு பிரிக்கிற வேலை அதற்கு: கனத்தது ஊஃபருக்கு, மெல்லியது சின்ன ஸ்பீக்கருக்கு. பிரிக்கும் கோட்டை முன்பு மேலே போட்டிருந்தேன். பாடகியின் குரலும் ஊஃபருக்குப் போய், அவர் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடிக்கொண்டிருந்தார். இன்னும் பெரிய கம்பிச்சுருள் போட்டுக் கோட்டைக் கீழே இறக்கினேன். தலை வெளியே வந்துவிட்டது.

மே 14

சித்தி வேலைக்குக் கிளம்பிய பிறகு போட்டுப் பார்த்தேன். பலகை இப்போது ஹால் நடுவில், எந்தச் சுவரையும் தொடாமல். டிரம்காரர் வந்துவிட்டார். முழுசாக இல்லை, இடுப்பு வரைக்கும். போதும்.

பலகையைச் சுற்றி நடந்தபோதுதான் அது நடந்தது. முன்னால் சத்தம், பின்னால் சத்தம், ஓரத்துக்கு நேராக வந்தால் திடீரென்று அமுங்குகிறது. முன்னும் பின்னும் சண்டை போட்டு அழிந்துபோகிற இடம் அதுதான். என் டிரம்மைத் தின்ற அதே சண்டை! பலகையைத் திருப்பி, ஓரத்தைச் சித்தியின் சுவருக்குக் காட்டினேன்.

இது போதுமா? அவள் தூங்கும்போது சோதிக்க முடியாது. தூங்காதபோது சோதித்து என்ன பயன்?

மே 15

சித்தி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அவள் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஹாலில் அப்பா பாட்டுப் போட்டார், அம்மா வழக்கம்போலத் தைத்தாள்.

பாட்டு எங்கோ அடுத்த தெருவில் கேட்டது. ஜெயித்துவிட்டேன் என்று எழப்போனேன். எழவில்லை.

தையல் மெஷின் தரை வழியாக வந்து கட்டில் காலில் ஏறி என் பல்லில் இறங்கியது. குளியலறைத் தாழ்ப்பாள் நெற்றிப்பொட்டில் விழுந்தது. அப்பாவின் செருப்பு. அப்பாவின் தொண்டை. "கேக்குதாடி?" என்று அப்பா கூவியது. இதையெல்லாம் தினமும் கேட்டுக்கொண்டா படுத்திருந்தாள்? ஸ்பீக்கர் கடைசியாக வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

என் சத்தம் மட்டும் அதில் இல்லை. அது எப்படி இருக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"உன்னுதா? தெருமுனைல நின்னாலே கேக்கும்."

மெஷினைப் பற்றிச் சொன்னதும் அம்மா முகம் மாறிவிட்டது. "ஒரு வார்த்த சொல்லலையே அவ." எப்படிச் சொல்வாள்? அக்காவின் பிழைப்பு அது. 'என்னுடையதும் வேலைதான்' என்று அவள் சொல்லியிருக்கலாம். நாங்களாவது கேட்டிருக்கலாம்.

மே 16

மெஷின் பின்கட்டுக்குப் போயிற்று, அதன் காலுக்கு சைக்கிள் டியூப் மெத்தை. தாழ்ப்பாளுக்குத் துணி. அப்பா வெறுங்காலில் நடக்கிறார். நான் சிரிக்க மொட்டை மாடிக்குப் போகிறேன். அங்கே தனியாகச் சிரித்தால் அக்கம்பக்கத்தில் வேறு மாதிரி பார்க்கிறார்கள்.

மே 19

சித்தி வழக்கம்போல வேலைக்குப் போய் வருகிறாள். துணிப்பெட்டியை இன்னும் அடுக்கவில்லை.

மே 24

மதியம். பாட்டு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. சித்தியின் போன் ஹாலில் சார்ஜில் இருந்தது. திடீரென்று ஊரே எழுந்திருக்கும்படி அலறியது. பாய்ந்து எடுப்பதற்குள் எத்தனை முறை அடித்ததோ.

ஹாஸ்டல். "பெட் ஒண்ணு காலியா இருக்குங்க. ஆறு மணிக்குள்ள சொல்லிட்டா எடுத்து வைப்போம். இல்லன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துருவோம்."

எனக்குச் சித்தியின் குரல் அச்சாக வரும். 'வேணாங்க' என்று ஒரு சொல். நாக்கு நுனியில் நின்றது. அவள் தூக்கம், அவள் வேலை, பதிலும் அவளுடையது.

"சித்தி எழுந்ததும் சொல்றேங்க" என்றேன், என் குரலிலேயே.

சித்தி ஐந்தரைக்கு வந்தாள், கன்னத்தில் தலையணை மடிப்போடு. சொன்னேன்.

"எப்ப அடிச்சுது?"

"மூணு மணி இருக்கும்."

"இங்கயா? ஹால்லயா?" போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்குக் கேக்கவே இல்லையேடி."

பின்கட்டில் மெஷின் நின்றுவிட்டது. அம்மா வரவில்லை, ஆனால் தைக்கவும் இல்லை.

சித்தி பலகைக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "இதுக்கா இவ்வளவு பாடு? எங்க, போடு பாப்போம். நல்ல நீளமான பாட்டாப் போடு."

இருப்பதிலேயே நீளமானதைப் போட்டேன். அது முடிந்ததும் இன்னொன்று கேட்டாள். அப்புறம் இன்னொன்று. ஆறு அடித்தபோது சித்தி கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். கடிகாரத்தை நான் மட்டும் பார்த்தேன்.