மூன்றாம் வரியில் நீந்திய தலைவர்

மச்சான்,

ஜெராக்ஸ் கடைச் சூடு ஆறாத நாலு தாளைப் போன வாரம் என் மகள் மடியில் கொண்டுவந்து போட்டாள். பள்ளியில் கேட்ட புராஜெக்ட், தலைப்பு 'எங்கள் ஊர் ஏரி'. பருத்திப்பட்டு ஏரியை எடுத்திருந்தாள். மூன்றாம் வரியை இரண்டு முறை படித்தேன். "சிறுவயதில் தலைவர் இவ்வேரியை ஒரே மூச்சில் நான்கு முறை நீந்திக் கடந்தார். அன்று முதல் ஏரி வற்றியதே இல்லை."

அது நீ எழுதியது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடியில், ஒரு கட்சிக்காக நடக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில், எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். எதைப் பற்றி எழுதினாலும் மூன்றாம் வரிக்குள் தலைவர் வந்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். எறும்பைப் பற்றிய கட்டுரையில்கூட, சுறுசுறுப்பில் அது தலைவரை நினைவூட்டும். நம் கட்டுரைகளின்படி, எதிர்க்கட்சி ஆண்ட ஐந்து வருடத்தில் மழை மட்டும்தான் பெய்தது, அதுவும் அளவுக்கு மீறி. ஒரு கட்டுரைக்கு ஆதாரம் நம்முடைய இன்னொரு கட்டுரை, அதற்கு ஆதாரம் முதல் கட்டுரை.

சாயங்கால டீக்கு இறங்கும்போது அன்றைக்கு வந்ததில் பெரிய புளுகைப் பாராயணம்போல் படித்துக் காட்டுவாய். "எறும்புக்குக்கூட கொள்கை கீது மாமே, நமக்குத்தான் இல்ல" என்பாய். டீக்கடைக்காரரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்து, இருவரும் மறுபடி மாடி ஏறுவோம்.

ஒருநாள் பந்தயம் கட்டினாய். "ஏரிய நீந்துனாருன்னு போட்றேன். எத்தினி நாள்ல தூக்குறானுங்கன்னு பாக்கலாம்." ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் நாம். கோடையில் அந்த ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, நட்டநடுவில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடியவர்கள். யாரும் தூக்கவில்லை. அந்த வாரத்தின் சிறந்த கட்டுரை என்று பொறுப்பாசிரியர் உனக்குச் சால்வை போர்த்தினார். அன்று டீக்கடையில் நீ சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, உடம்பு எப்படி என்று கேட்டேன்; நீ என் கையைப் பிடித்தாய். "அந்த ஏரி மேட்டர எடுத்துர்ரா. எந்தப் புள்ளயாவது படிச்சிடப் போவுது." சரி என்றேன்.

உன் காரியம் முடிந்த மறுநாளே பொறுப்பாசிரியரிடம் போனேன். "மூணு ஆதாரம் இருக்கு சார், எதுக்கு எடுக்கணும்?" என்றார். மூன்றுமே உன் கட்டுரையைப் பார்த்து நம் ஆட்கள் எழுதியவை. அவருக்குப் பின்னால் சுவரில் மாலையோடு நீ. கீழே 'ஏரிக் கட்டுரை தந்தவர்' என்று பொன்னெழுத்து. அது கேலிக்கு எழுதியது என்று வாயைத் திறந்தால் உன் படம் இறங்கும், என் வேலையும் போகும். நாற்பத்தெட்டு வயதில், இப்படி எழுதிப் பழகிய கையை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு அவமானமாக இருக்கிறது மச்சான்.

"இது நெஜமாப்பா?" என்று மகள் கேட்டாள். அவளிடமாவது பொய் சொல்லக் கூடாது என்று கிரிக்கெட் கதையைச் சொன்னேன். உடனே அந்த வரியை அடித்துவிட்டு, "கோடையில் இந்த ஏரி வற்றியிருக்கிறது. என் அப்பாவும் அவர் நண்பரும் அதில் கிரிக்கெட் ஆடினார்கள்" என்று எழுதினாள். பாதி வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன்.

நேற்றுத் தாள் திரும்பி வந்தது. அவள் எழுதியதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். "ஆதாரம் இல்லை. கலைக்களஞ்சியத்தைப் பார்த்துத் திருத்தவும்."

"நீ வேல செய்ற எடந்தானேப்பா? நீயே மாத்திடேன்" என்றாள். நான் குளிக்கப் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

அந்தத் தாள் இப்போது என் பையில், டிபன் பாக்ஸுக்குக் கீழே இருக்கிறது. இன்று காலையும் முதல் வேலையாக உன் கட்டுரையைத் திறந்து, மூன்றாம் வரியில் கர்சரை வைத்தேன். சுவரிலிருந்து நீ பார்த்துக்கொண்டிருந்தாய். எதையும் அழிக்காமல் மூடினேன். அடுத்து எனக்கு எழுதக் கொடுத்திருப்பது புழல் ஏரி.