சீட்டில் என் கையெழுத்து

2020 செப்டம்பர், செவ்வாய் இரவு.

புதுப்பட்டினத்தில் மீன் விற்கும் அம்மா இன்று திரும்ப வந்தார். கொரோனா உத்தரவுப்படி மூளைக்கட்டி ஆபரேஷன்களைத் தள்ளிவைத்தபோது, அவருடைய ஓ.பி. சீட்டில் 'அவசரமில்லை' என்று எழுதியவன் நான். கூப்பிடுகிறோம் என்றோம். யாரும் கூப்பிடவில்லை. இப்போது கட்டி வளர்ந்து பார்வை நரம்பை அழுத்தி இரண்டு கண்ணும் போய்விட்டது. இனி ஆபரேஷன் செய்தாலும் பார்வை வராது.

கணவர் அந்தச் சீட்டை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். "அவசரமில்லன்னு டாக்டரே எழுதிக்கீறாரு, இனிமே இன்னா பயம்னு திருக்கழுக்குன்றம் மலையடியில தேங்கா ஒடச்சோம் சார்."

உத்தரவு எவன் போட்டிருந்தால் என்ன? சீட்டில் இருப்பது என் கையெழுத்து.

என் குரல் வந்த பக்கம் திரும்பி அந்த அம்மா கும்பிட்டார். "அன்னிக்கி நல்ல சேதி சொன்ன டாக்டரா நீங்க?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன்.