லிஸ்பெத்தின் தோட்டத்தில் நீங்கள் அழுதது

பிரெடெரிசியா, டென்மார்க்,
28 யூன் 2009

என் அன்புள்ள அத்தானுக்கு,

வவுனியாவின் வெயிலிலும் சோதனைச் சாவடிகளிலும் ஆண்டவர் உங்களுக்கு நிழலாக நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் கேட்டுக்கொண்டு விக்ரோரியா எழுதுவது. நானும் ஜெனனியும் சுகம். போனில் உங்கள் குரல் அடைத்திருந்தது. கொத்தமல்லி அவித்துக் குடியுங்கோ. வெளியில் குளிர்பானம் வாங்கிக் குடிக்க வேண்டாம்.

முகாமில் இருக்கிற நிஷாந்தியை முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கலாம், அதுவும் தள்ளுமுள்ளுக்குள் என்று சொன்னீர்கள். கேட்டதில் இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நிர்மலன் தம்பியின் மனிசி எனக்கும் தங்கச்சிதானே. பீற்றர் அண்ணை கொழும்புக்கு வருகிறார். அவரிடம் பால்மாவும், குழந்தைக்கு உடுப்பும், நிஷாந்திக்கு இரண்டு சட்டையும் இந்தக் கடிதத்தோடு கொடுத்து விடுகிறேன். முகாமுக்குள் எடுக்க விடுகிறார்களோ தெரியாது. ஆர் என்ன கேட்டாலும் கோபப்படாமல் பதில் சொல்லுங்கோ. டெனிஷ் பாஸ்போட் இருக்கு என்று துணிந்து கதைக்க வேண்டாம்.

ஜெனனிக்குப் பள்ளிக்கூடச் சோதனை முடிந்தது. நல்லாய்ச் செய்தாளாம். தமிழில் கேட்டால் டெனிஷில் பதில், பழைய கதைதான்.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை ஆர் ஆர் ஒட்டுக்கேட்கிறார்களோ தெரியாது. அதைவிட, போனில் என்றால் நீங்கள் "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். கடிதத்தை முடியும்வரை வாசிக்கத்தான் வேண்டும்.

நீங்கள் விமானம் ஏறின கிழமை, சாப்பாட்டு மேசையில் நான் ஜெனனியிடம் மனம் வெறுத்துச் சொன்னேன்: "உன்ர அப்பாவுக்குக் கல்லு மனம். கூடப்பிறந்த தம்பி செத்த செய்தி வந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை." அவள் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து தலையை நிமிர்த்தாமல் டெனிஷில் சொன்னாள், அப்பா அழுதவர், லிஸ்பெத்தின் தோட்டத்தில், நான் லீக்ஸுக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிண்டனான் என்று. பிறகு உப்பைக் கேட்டாள்.

அத்தான், நீங்கள் வேறொரு பொம்பிளையோடு கைகோத்துக்கொண்டு கடைத்தெருவில் போனதைக் கண்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அப்படியென்றால் எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியும். ஆனால் என் புருசனின் கண்ணீர் ஆருக்குப் போனது? உங்களோடு தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிற, எங்கள் தோட்டத்துண்டுக்குப் பக்கத்துத் துண்டு வைத்திருக்கிற, நரைமயிரைப் பின்னிப்போட்டுக் கழுத்தில் நட்சத்திரம் தொங்கவிட்டிருக்கிற அந்த மனிசிக்கு. ஊரெல்லாம் ஹெக்ஸ், சூனியக்காரி என்று சொல்லுகிறவளுக்கு.

செய்தி வந்த அன்று வீட்டில் என்ன குறை இருந்தது? நான் உடனே சபைக்கு அறிவித்தேன். சகோதரிகள் எல்லாரும் வந்து முழங்காலில் நின்று செபித்தார்கள். நீங்கள் தம்பியின் படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்தட்டோ என்று கேட்டீர்கள். நான் வேண்டாம் என்றேன். அது விசுவாசத்துக்காகச் சொன்னது. கலியாணத்துக்கு முன்னம் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது இதெல்லாம் விட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அப்போதும் "ஓம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டீர்கள். நான் ஊத்தித் தந்தேன்.

ஜெனனி சொன்னதை நான் எங்கள் சபை அருள்நாயகி அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்கா அப்படியே எழும்பிவிட்டா. அது வசியம், ஆம்பிளையின் மனதைக் கட்டிப்போட்டிருக்கிறாள், எண்ணெய் கொண்டுபோய் அவளின் தோட்ட வாசல் படலையில் ஊத்தி, நாலு பேராய் நின்று செபித்துக் கட்டை அவிழ்ப்போம் என்றா. எனக்கும் அது ஆறுதலாய்த்தான் இருந்தது. வசியம் என்றால் உங்களில் பிழை இல்லை, என்னிலும் பிழை இல்லை. ஆனாலும் என் வீட்டுக்காரரின் விசயத்தை நாலு பேர் படலையில் வைத்துக் கதைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் நான் தனியாகப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை பின்னேரம் போனேன்.

நல்ல சீலை உடுத்துப் போனேன். ஏன் என்று கேட்க வேண்டாம்.

அவ உருளைக்கிழங்குப் பாத்திக்குள் நின்றா. கையெல்லாம் மண். என்னைக் கண்டதும், கோணேசன் போய்ச் சேர்ந்திட்டாரோ என்று உங்கள் பேரை எங்கள் ஆட்கள் மாதிரியே வடிவாய்ச் சொல்லிக் கேட்டா. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. இருக்கக்கூட இல்லை, நின்றபடியே கேட்டேன்: நீ பிசாசைக் கும்பிடுகிறவளோ?

அவ கோபிக்கவில்லை. இந்தக் கேள்வி அவவுக்குப் பழக்கம் போல. பிசாசு என்று ஒன்று அவவின் சமயத்திலேயே இல்லையாம். அது உங்கட புத்தகத்தில இருக்கிற ஆள், எங்களுக்கு அவரைத் தெரியாது என்றா. அந்தச் சமயத்துக்கு விக்கா என்று பேராம். ஒரு தேவி, ஒரு தேவன், மாறி மாறி வருகிற பருவங்கள், நிலா, இவைதான் அவவின் வழிபாடு. நாங்கள் வேதத்தில் அஞ்ஞானிகள் என்று வாசிக்கிறோமே, அந்தச் சொல்லைத்தான் தங்களுக்குத் தாங்களே பேராய் வைத்திருக்கிறார்களாம். அதிலும் எல்லாரும் ஒரே கூட்டம் இல்லையாம். தோர், ஓடின் என்று இந்த நாட்டுப் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிற டெனிஷ்காரர் வேறு, தான் வேறு என்றா. எங்கள் சபைகள் மாதிரித்தான் என்று நினைத்தேன்.

ஆடு கோழி வெட்டுவாயோ என்று கேட்டேன். தான் மீன்கூடச் சாப்பிடுவதில்லை என்றா. இது ஆயிரம் வருசத்துச் சமயமோ என்றதற்குச் சிரித்தா. சிலபேர் அப்படிப் பெருமை அடிப்பார்கள், நம்பாதே, பழைய துண்டுகளை எடுத்து இங்கிலாந்தில் புதிதாகத் தைத்தது, என் அம்மாவைவிட வயது குறைவு என்றா. தன் சமயத்தைத் தானே இப்படிக் குறைத்துச் சொல்லுகிற ஆளை நான் இதுவரை கண்டதில்லை. கழுத்து நட்சத்திரத்தைக் காட்டி இது என்ன என்றேன். மண், தண்ணி, நெருப்பு, காற்று, ஐந்தாவது ஆவி என்று முனை முனையாய்த் தொட்டுக் காட்டினா. பள்ளிக்கூடத்தில் ஐம்பூதம் என்று பாடமாக்கினது ஞாபகம் வந்தது.

உடுப்பில்லாமல் ஆடுவீர்களாமே என்று கேட்க எனக்கே வெட்கமாய் இருந்தது. ஆனால் கேட்காமல் வீட்டுக்குப் போக ஏலாது. சில கூட்டங்களில் உடுப்பில்லாமல் நின்று கும்பிடுவார்கள், அது அவர்களின் முறை என்றா. தான் தனியாகத்தான் செய்வாவாம். டென்மார்க் குளிருக்கும் தன் முழங்கால் நோவுக்கும் கம்பளி உடுப்பே போதாது என்றா.

அப்போதுதான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. என் புருசனுக்கு வசியம் செய்தாயோ என்று கேட்டேன். டெனிஷில் அதற்குச் சரியான சொல் வரவில்லை. மனதைக் கட்டினாயோ என்றேன். அவ மண்வெட்டியை வைத்துவிட்டு என்னை நேரே பார்த்தா. மந்திரம் என்று சில செய்வேன், சத்தியமாய் அதை மறைக்க மாட்டேன், மெழுகுதிரி கொளுத்தி நல்லது நினைப்பது மாதிரி என்றா. ஆனால் ஆருக்கும் தீங்கு செய்யாதே என்பதுதான் தாங்கள் பிடிக்கிற கட்டளையாம், ஒருவரின் விருப்பத்தை மீறி அவரின் மனதில் கை வைப்பதும் தீங்குதானாம். பிறகு, எனக்கு வசியம் தெரிந்திருந்தால் என்னை விட்டுவிட்டு என் புருசன் ஓர்ஹூஸ் ஊர்க்காரி ஒருத்தியோடு போயிருப்பானோ என்றா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எரிச்சலோடுதான் வந்தது. நான் மட்டக்களப்பாள், எங்களைப் பற்றியும் இப்படித்தான் கதைப்பார்கள் என்று சொல்லத் தொடங்கினேன். மட்டக்களப்பில் சாப்பிட்டால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று உங்கள் திருகோணமலை நண்பர்கள் எங்கள் கலியாணத்தில் பகிடி பண்ணினதும், நான் அழுதுகொண்டு அறைக்குள் போனதும் உங்களுக்கு மறந்திருக்காது. அவ கதை முடிய முதலே சிரித்து, தெரியும், கோணேசன் சொன்னவர், இருபது வருசமாய் ஒட்டித்தான் கிடக்கிறன் எண்டு சொன்னவர் என்றா.

என் சிரிப்பு அங்கேயே நின்றது. அத்தான், அந்தப் பகிடியை நீங்கள் எனக்கல்லவோ சொல்லியிருக்க வேண்டும்?

பிறகுதான் அன்று நடந்ததைக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னா. இறந்தவர்களை நினைக்கிற நாள் அவர்களுக்கு ஒக்ரோபர் முடிவில்தானாம். ஆனால் வேலை இடைவேளையில் நீங்கள் தம்பிக்கு ஒரு பிடி சோறு வைக்க இடம் இல்லை என்று சொன்னபோது, ஒக்ரோபர் வரும்வரை ஆர் காத்திருக்கிறது, என் தோட்டத்தில் வை என்றாவாம். தான் ஒன்றும் ஓதவில்லையாம், பக்கத்தில் நின்றது மட்டும்தானாம். வாழையிலைக்குப் பதிலாய் நீங்கள் அகலமான ருபார்ப் இலையை வெட்ட, அது நஞ்சு என்று தடுத்து, தன் தோட்டக் கொட்டில் சமையலறையில் இருந்த முட்டைக்கோவா இலையைக் கொண்டுவந்து தந்தாவாம். சோறு, பருப்பு, பொரித்த மீன். தொழிற்சாலைக்குச் சாப்பாட்டுக்கு என்று சொல்லி என்னிடம் கேட்டு வாங்கின மீன். தம்பிக்கு என்று சொல்லியிருந்தால் நான் பொரித்துத் தந்திருக்க மாட்டேனோ? தந்திருப்பேனோ என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

நீங்கள் காகத்தைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றீர்களாம். காகம் வராமல் கடலில் இருந்து ஒரு பறவை வந்து மீனைக் கவ்விக்கொண்டு போனதாம். அதுவும் காகம்தான், எங்கள் பாசையில் கடற்காகம் என்று சொல்லிச் சிரித்தீர்களாம். சிரித்த வாயோடுதான் அழத் தொடங்கினீர்களாம்.

ஏன் வீட்டில் அழவில்லை என்று சொன்னாரோ என்று கேட்டேன். அவ, அதை அவரிட்டக் கேள் என்றா. நான் விடவில்லை. கடைசியில், நான் அழுதா விக்ரோரியா என்னைச் சுகப்படுத்தச் செபிப்பாள், எனக்கு இப்ப சுகம் வேண்டாம், தம்பி வேணும் என்று நீங்கள் சொன்னதாய்ச் சொன்னா.

நான் திரும்பி வருகிற வழியெல்லாம் அவவைத் திட்டிக்கொண்டு வந்தேன். திட்டுவதற்கு அவவில் ஒன்றும் இல்லை என்பதும் எனக்குக் கோபம்தான்.

அருள்நாயகி அக்கா போன விசயம் என்ன என்று கேட்டா. பிசாசு அங்க இல்லையாம் அக்கா, எங்கட பக்கம்தான் இருக்காம் என்றேன். அதில் இருந்து என்னோடு கதை குறைவு. எண்ணெய்ப் போத்தலும் வீட்டில்தான் இருக்கிறது. நீங்கள் பயப்பட வேண்டாம், நான் ஏசுவை விடவில்லை, அவவும் என்னை வா என்று கேட்கவில்லை. ஆளைச் சேர்க்கிற வழக்கமே அவர்களுக்கு இல்லையாம்.

போன செவ்வாய் இரவு சாங்க்ட் ஹான்ஸ் நெருப்புத் திருநாள். ஜெனனியோடு கடற்கரைக்குப் போனேன். பெரிய விறகுக் குவியலுக்கு மேல் வைக்கோல் சூனியக்காரியைக் கட்டிவைத்து எரித்தார்கள். சின்னப் பிள்ளைகள் சொசேஜ் சாப்பிட்டுக்கொண்டு பாடினார்கள். லிஸ்பெத் கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்றா. எங்கள் சபைச் சகோதரிகள் பார்த்துக்கொண்டிருக்க நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். உன்ர ஆட்களைத்தான் முந்தி இப்படி எரித்தார்களோ என்று கேட்டேன். இல்லை, அந்தக் காலத்தில் என்ர சமயமே இல்லை என்றா. எரித்தது உன்னை மாதிரிக் கிறிஸ்தவப் பொம்பிளைகளைத்தானாம். அயல்சனத்துக்குப் பிடிக்காத பொம்பிளைகள், அவ்வளவுதான் என்றா. பொம்மை விழும்வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். எனக்கு அவவை இப்பவும் பிடிக்கவில்லை. ஆனால் அவவைப் பற்றி ஆரும் கதைத்தால் விடமாட்டேன்.

அத்தான், நிஷாந்தியையும் குழந்தையையும் வெளியில் எடுக்க நாள் சென்றாலும் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு வாருங்கோ. ஆண்டவர் உங்கள் காலுக்கும் வாக்குக்கும் காவலாய் இருக்கட்டும். வந்த பிறகு நீங்கள் எங்கே அழுதாலும் நான் செபிக்கத் தொடங்க மாட்டேன். பக்கத்தில் இருப்பேன். நிர்மலன் தம்பியை நான் அவரின் கலியாணப் படத்திலும் போனிலும்தான் அறிவேன். அவர் சின்னனில் எப்படி இருந்தவர், எதற்குக் கோபம் வரும், உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று எனக்குச் சொல்லுங்கோ. அந்தப் பொம்பிளைக்குச் சொன்னது அவ்வளவையும் எனக்கும் சொல்லுங்கோ. அவவுக்குச் சொல்லாத ஒன்றையாவது மேலதிகமாய் எனக்குச் சொல்லுங்கோ.

உங்களோடு ஒட்டிக் கிடக்கிற,
விக்ரோரியா